பின்னிருக்கையின் பாய்

புகுமுகப் பரீட்சை எழுத நான் மட்டக்களப்புக்குப் போவதற்கு வாப்பா ஒரு நிபந்தனை விதித்திருந்தார். பஸ்ஸும் கூடாது, வாடகைக் காரும் கூடாது. திரைச்சீலை கட்டிய சொந்தக் காரில் மட்டுமே போகலாம். ஆனால் அவர் ஆசையோடு வாங்கிய பழைய கார் அச்சு முறிந்து, வீட்டு வளவில் கோழிகள் அடையும் இடமாகியிருந்தது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், கல்முனையில் எங்கள் வாசலுக்கு ஒரு தரகர் கறுப்புக் கார் ஒன்றைக் காலையில் கொண்டுவந்தார். இரவு பக்கத்துத் தெருவில் தங்கியதாக அவரே சொன்னார். கிட்டப் போய்ப் பார்க்கையில் என் விரல்கள் பொனட்டில் பட்டுச் சுட்டன. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த தூரத்துக்கு அந்தச் சூடு மிக அதிகம். குளிர்ந்த எஞ்சின் எளிதில் இயங்காது என்பதை மறைக்க, முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார் என்று எண்ணினேன். விரல்களை முக்காட்டில் துடைத்துக்கொண்டேன்.

வாப்பா நெல் வாங்கும்போது சாக்கின் அடிவரை முழங்கையை விட்டுப் பார்ப்பவர். அன்றும் சாரனை மடித்துக் கட்டி, மணலில் மல்லாந்து படுத்து, காரின் அடியில் நெடுநேரம் கிடந்தார். எழுந்து முதுகு மணலைத் தட்டிவிட்டார்.

நிந்தவூர்வரை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். வாப்பாவும் தரகரும் முன்னால். உம்மாவும் நானும் திரைக்குப் பின்னால். உம்மா கண்களை மூடி ஓதிக்கொண்டிருந்தா. இருக்கையின் தோல் கிழிந்திருக்க, காலடியில் மட்டும் புத்தம்புதிய பன்புல் பாய். அதன் ஓரத்தால் புழுதி எழுந்தது. பாயை மெல்ல விலக்கினேன். ஒரு தட்டளவு ஓட்டை. கீழே தெரு ஓடிக்கொண்டிருந்தது.

“நம்மளவிட நல்ல சொகமாயிரிக்கி காக்கா, இந்தக் கார்” என்றார் தரகர் வாப்பாவிடம்.

“ஒனக்குத்தான் ரெண்டு வருசமா இருமல். ஒன்னவிடச் சொகமா இருக்கிறதுக்குப் பெருசா என்ன வேணும்?” என்ற வாப்பா, தலையைத் திருப்பாமல் கேட்டார்: “பின்னுக்கு எப்பிடி, மகள்?”

உண்மையைச் சொன்னால் கார் திரும்பிப் போய்விடும். காரோடு பரீட்சையும். பாயை ஓட்டையின் மேல் இழுத்துவிட்டேன்.

“நல்லா இரிக்கி வாப்பா.”

கார் எங்களுடையதாயிற்று. தரகர் தெருமுனை திரும்பியதும் வாப்பா தகரத்துண்டு ஒன்றுடன் வந்தார். பின்கதவைத் திறந்து, சற்றும் தேடாமல், பாயின் அந்த மூலையையே தூக்கினார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. காலையில் அடியில் கிடந்தபோதே கண்டிருக்கிறார்.

“தகரம் எவ்வளவு தாங்குமோ தெரியா” என்றார், என்னைப் பார்க்காமல். “மட்டக்களப்புக்குப் போற அண்டைக்குக் காலத் தூக்கி வெச்சிக்க.”

என் பொய்யை அவர் சோதித்தாரா, அல்லது அது அவருக்கும் வேண்டியிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பரீட்சையன்று விடியற்காலை, புத்தகங்களோடு வெளியே வந்தேன். கார் அசையாமல் வாசலில் நின்றது. வாப்பா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கடக்கையில் பொனட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.