கோர்ட்டுக்கு நான் எழுதிய பொய்

ஆனர்ஸ் சட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில் எங்களுக்குச் செய்முறைப் பயிற்சி. சொந்த ஊர் என்பதால் போடியில் ஒரு சீனியர் வழக்கறிஞரிடம் சேர்ந்தேன்.

ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் விபத்து வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து அவருடைய வலது முழங்கை முறிந்திருந்தது. அவரிடம் விவரம் கேட்டு, சாட்சியமாகக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை எழுதச் சொன்னார் சீனியர்.

"எப்படி நடந்துச்சு, சொல்லுங்கக்கா."

"நெருக்கிப் பிடிச்சு உக்காந்திருந்தோம் ஆத்தா. நான் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா பாறை மேல கெடக்கேன்."

இது போதாது என்று தோன்றியது எனக்கு. டிரைவரின் தவறை நிரூபிக்க வேண்டுமே. 'ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதை நான் நேரில் கண்டேன்' என்று எழுதினேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"ஜீப்பு கெளம்பிரும், வெரசாப் போகணும். நீ எழுதுனாச் சரியாத்தேன் இருக்கும்," என்று கைநாட்டு வைத்தார். சீனியரும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பயிற்சி நோட்டில் அதற்குத்தான் எனக்கு அதிக மதிப்பெண்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "டிரைவர் வேகமா ஓட்டுனதப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் எங்க சார் பாத்தேன்? தூங்கிட்டேன்ல."

"அப்போ இதுல எழுதியிருக்கிறது பொய்யா?"

கூண்டில் நின்ற அந்த அக்கா திரும்பி, சீனியருக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "நான் சொன்னதையே எழுதியிருக்கலாமே ஆத்தா."

சீனியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "விடும்மா, எல்லாரும் இப்படித்தான் எழுதறோம்," என்றார் அவர். அந்த ஆறுதல் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அதே ஜீப்பில் விழித்திருந்த வேறொரு தொழிலாளியை விசாரித்தார்கள். அவர் சாட்சியத்தால் வழக்கு ஜெயித்தது. தீர்ப்பு வந்த அன்று அந்த அக்காவுக்கு நானே போன் செய்தேன்.

"ஜெயிச்சிட்டோம்க்கா."

"வக்கீலு சொன்னாரு. என் சாட்சிய நம்ப முடியாதுன்னு தீர்ப்புல எழுதியிருக்காமே?"

"ஆமாக்கா. அது என் தப்பு. பொய்யை எழுதினது நான்தான்."

"அதை அன்னைக்கு அங்கன எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும் நீ," என்றார். குரலில் கோபம் இல்லை. "சரி, காய் எடுக்கற சோலி கெடக்கு. வைக்கிறேன்."

அதற்குப் பிறகு நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை.