அடுப்போரம் வைத்த பிஸ்கட் டின்

ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் பாதையில் என் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. இந்திரகுமார் தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவனை எனக்குத் தெரியும். ஆள் நல்லவன், கெட்டிக்காரன் இல்லை. அந்த வேலை போன பிறகு, வருகிறவர்களுக்குக் காடு காட்டிப் பிழைத்தான்.

இந்தக் காட்டில் மூக்கில் இலை முளைத்த மாதிரி ஓர் ஓணான் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் சனம் வரும். அதுவோ பாசி படிந்த மரத்தில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுக்கத் தேடினாலும் அகப்படாது. வேன் ஓட்டும் ராஜநாயகத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"கட்டாயம் காட்டுறவன்கிட்டதான் ஆள கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டான்.

அதனால் இந்திரகுமார் முதல் நாளே ஓர் ஓணானைப் பிடித்து, பிஸ்கட் டின்னில் போட்டு என் கடையில் வைப்பான். காலையில் பாதையோர மரத்தில் அதை விட்டுவிட்டு, அப்போதுதான் கண்டவன் போலக் கை காட்டுவான். எனக்கு எல்லாம் தெரியும். வாய் திறக்கவில்லை. வருகிறவர்கள் என் கடையில்தான் ரொட்டி தின்றார்கள்.

போன தை மாதம் ஒரு காலை, குளிர்காற்று ஆளையே தூக்கியது. டின்னைத் திறந்து பார்த்தேன். ஓணான் அசையாமல் கிடந்தது. கோழிக்குஞ்சு குளிரில் விறைத்தால் அடுப்போரம் வைப்போம், எழும்பிவிடும். அதே மாதிரி டின்னையும் அடுப்போரம் தள்ளி வைத்தேன்.

இந்திரகுமார் வந்து டின்னைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

"என்ன பெரியம்மா செஞ்சீங்க? இது குளிர்லயே வாழுற சீவன். சூடு தாங்காது."

"எனக்கு என்னடா தெரியும்? அத டின்னுல போட்டு அடைச்சது நீயா நானா?"

 அவன் ஓணானைப் புரட்டினான். செத்திருந்தது. வயிறு புடைத்திருந்தது. உள்ளே முட்டை.

அதற்குள் வேன் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து நிஷ்மியா என்று ஒரு டீச்சரும் அவள் புருஷனும் இறங்கினார்கள். ராஜநாயகம் எங்களிடம் வந்து டின்னை எட்டிப் பார்த்தான்.

"செத்தா என்னடா? மரத்துல வச்சிரு. உசிரோட இருந்தா மட்டும் அது என்ன டான்ஸா ஆடப்போவுது?"

"காட்டலன்னா?"

"நாளையிலேருந்து நான் வேற ஆள பாத்துக்குவேன்."

இந்திரகுமார் டின்னைத் தூக்கினான். மரத்துக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். நேரே நிஷ்மியாவிடம் போய்த் திறந்து காட்டினான்.

"ஒங்களுக்கு காட்டத்தான் மிஸ் நேத்தே புடிச்சி அடைச்சி வச்சேன். செத்துப்போச்சு."

அவள் குனிந்து டின்னுக்குள் பார்த்தாள்.

"கட்டாயம் காட்டுவீங்கன்னு சொன்னதாலதான் ஒங்கள்ட்ட வந்தோம். எப்பிடி காட்டுவீங்கன்னு நாங்க கேக்கல்ல."

"கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன், மிஸ்."

அவர்கள் திரும்பிப் போகவில்லை. அவனோடு மூன்று மணி நேரம் மழையில் நடந்தார்கள். ஓர் ஓணானும் கண்ணில் படவில்லை.

"அட்டைங்கள மட்டும் கிட்ட வச்சி பாத்தோம்" என்று புருஷன் காலில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

ராஜநாயகம் சொன்னபடியே செய்தான். அவன் வேன் இப்போது இங்கே நிற்பதில்லை. இந்திரகுமார் வாரத்தில் நாலு நாள் மிளகு பறிக்கப் போகிறான். மற்ற நாளில் யாராவது வந்தால், ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறான்.

"காணலாம், காணாமலும் போகலாம். தொடவும் மாட்டேன், கிளைய ஆட்டவும் மாட்டேன்."

பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் நடக்கிறார்கள்.

அன்று அவன் ஓணானைப் பாதையோரம் புதைத்துவிட்டு, டின்னைக் கழுவி என்னிடம் கொடுத்தான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.