ஏழாம் நம்பர் மலையின் அரைமணி நேரம்

இங்கே வந்த நாள் முதல் என் தலைமுடி முழுதாகக் காய்ந்ததில்லை. கோயம்புத்தூரில் குளித்துவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பதற்குள் உலர்ந்துவிடும். மலேசியாவின் கேமரன் மலையில் நண்பகலிலும் பனிமூட்டம் வந்து நனைத்துவிட்டுப் போகிறது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனாலும் நான் போய் நின்றால் பேச்சு அடங்கிவிடும். எனக்குப் பெயர் 'இந்தியாக்காரம்மா'. சில நாட்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குச் சொல்லும் வணக்கத்தைத் தவிர நான் வாயே திறப்பதில்லை.

பறித்த கொழுந்து ஆலைக்குப் போய்ச்சேர ஏன் தாமதமாகிறது என்பது என் ஆய்வு. தூரம், மழை, பாதையின் ஏற்றம், மூட்டைகள், லோரி ஆலையிலிருந்து புறப்பட்ட நேரம் எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் புள்ளியியல் மாதிரி ஒன்று அமைத்தேன். மலை என்று இங்கே சொல்லும் தோட்டப் பிரிவுகள் எல்லாம் அதற்குள் அடங்கின, ஏழாம் நம்பரைத் தவிர. அங்கிருந்து மட்டும் கொழுந்து தினமும் அரைமணி பிந்தியது. பாதை மோசம் என்றது ஆலை. அந்த மலையை நீக்கிவிட்டு எழுதும்படி பேராசிரியர் கடிதம் போட்டார். இதே பேராசிரியர்தான், கணக்கு பொருந்தினால் மட்டும் போதாது, ஏன் என்று சொன்னால்தான் அது கோட்பாடு என்று வகுப்பில் சொன்னவர். எனவே நேரில் போனேன்.

லோரி வந்து நின்றது. பெண்கள் மூட்டையைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா இந்தியாக்காரம்மா, வாட்ச பாத்துப் பாத்து எழுதுற? எங்களையும் நிறுத்துப் போடப் போறியா லா?" என்றார் அவர்களில் மூத்தவரான மாரியாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

"எதுக்குக்கா காத்திருக்கீங்க?"

மாரியாயி குரலைத் தாழ்த்திச் சொன்னார். லெட்சுமி கைக்குழந்தைக்குப் பாலூட்ட, பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகைக்கு இறங்கியிருந்தாள். லோரியில் ஏற்றுமுன் நிறுக்கும்போது மூட்டைக்கு உரியவள் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு அரைநாள் கூலி போய்விடும். அதனால் அவள் ஏறி வரும்வரை யாரும் தம் மூட்டையைக் கட்டி முடிப்பதில்லை.

"தொரைக்குத் தெரிஞ்சா அவ வேல போயிரும். எழுதிடாதம்மா."

நான் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. அதை விட்டால் என் கோட்பாடு பொய். எழுதினால் அறிக்கையின் ஒரு படி தோட்ட மேலாளரான துரையின் மேசைக்குப் போகும். மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் பேராசிரியர் சொன்னபடி ஏழாம் நம்பரை நீக்கினேன். மாதிரி அழகாகப் பொருந்தியது. ஏன் என்ற பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

மலையேறிப் போய் மாரியாயியிடம் சொன்னேன். "அப்ப நீ நம்ம ஆளுதான்" என்று தன் பக்கத்தில் இடம் விட்டவர், அடுத்த மூச்சிலேயே கேட்டார்: "ஊருக்கு எப்பப் போற?"

பதில் சொல்வதற்குள் லெட்சுமி மூச்சிரைக்க ஏறி வந்தாள். எல்லோரும் எழுந்து அவரவர் மூட்டையின் அருகே போய் நின்றார்கள். நானும் எழுந்துவிட்டேன். எங்கே போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.