படத்தில் போட்ட ஊசி

கொரோனா பரவியிருந்த நேரம். திரிங்காப்பு மலையூரில் காய்கறி லோரி ஓட்டிய வேலை போய்விட்டது. ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். ஓர் ஊரில் நிலையாக இருந்ததுமில்லை, கிடைத்த வேலையைச் செய்வேன். தடுப்பூசிக்கு விளம்பரம் செய்யும் கம்பெனி ஒன்று வேன் ஓட்ட ஆள் தேடியது. சேர்ந்துகொண்டேன்.

முதலில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் படம் எடுத்தார்கள். அங்கே கொழுந்து வெட்டும் ஓர் அக்காவைப் பிடித்தார்கள். இப்போது மெஷினில்தான் வெட்டுகிறார்கள். ஆனாலும் எங்கிருந்தோ பழைய கூடை கொண்டுவந்து அவர் முதுகில் மாட்டினார்கள். மருந்தில்லாத ஊசியைக் கையருகே பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார் எங்கள் கம்பெனி மேனேஜர்.

"மெய்யான ஊசி எப்ப சார் போடுவீங்க? வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடுது. நான் நோயைக் கொண்டுபோய்க் குடுத்தா அவரு தாங்க மாட்டாரு."

"அது வேற டிப்பார்ட்மெண்ட்மா. நீங்க சிரிங்க."

சிரித்தார்.

கொஞ்ச நாளில் தோட்டத்து முனையில் பேனர் ஏறியது. 'நான் போட்டுக்கொண்டேன், நீங்கள்?' என்று லோரி அளவுக்கு அவர் முகம். அதே வாரம் டவுன் மண்டபத்தில் ஊசி போடுகிறார்கள் என்று அவரையும் சிலரையும் வேனில் கூட்டிப்போனேன். வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர், பெற்றோர் பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள், அடையாள அட்டை இல்லை. ஐசி இல்லாவிட்டால் ஊசி இல்லையாம்.

திரும்பும்போது வேன் பேனரைத் தாண்டியது. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"அவளுக்குப் போட்டுட்டாங்க. எனக்குத்தான் போடல லா."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனரைப் பார்க்காமல் வேனை விரட்டினேன்.

பிறகு மருத்துவக் குழு தோட்டத்துக்கே வந்தது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டார்கள். நான் ஸ்பீக்கரில் கூவிக் கூவித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"படிக்காத சனம். ஊசின்னா பயம்" என்றார் மேனேஜர்.

கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "தம்பி, அந்த ஸ்பீக்கர அடை லா! படத்துல சிரிக்கிற பொண்ணுக்கே போடல, எங்கள மட்டும் வான்னா? மொதல்ல அதுக்குப் போடு, அப்புறம் நாங்க வாறோம்."

நான் மைக்கை வைத்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன்: "படிக்காதவன் நானும்தான் சார். இது பயமில்ல. பொய் சொன்னது நாம."

அவர் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மேசையிலிருந்த நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, அட்டை இல்லாதவருக்கும் போட அனுமதி கேட்டார். நெடுநேரம் மன்றாடினார். அனுமதி கிடைத்ததும் அக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஐசி இல்லன்னா என்னக்கா, கை இருக்குல்ல? நீட்டுங்க."

அக்கா நீட்டினார். அவர் முகம் சுளித்ததைப் பார்த்ததும் பின்னால் மளமளவென்று வரிசை கூடிவிட்டது. அன்றைக்கு ஊசியில் மருந்து இருந்தது. அதைப் படமெடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

அந்த மலையை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன். இன்றும் எந்த விளம்பரத்தில் ஏழை முகம் சிரித்தாலும், இவருக்கு அது கிடைத்ததா என்ற கேள்விதான் எனக்குள் முதலில் எழுகிறது.