வாய் திறக்காத அக்கா

வங்கியில் இருந்த வரைக்கும் அவளை மேடம் என்றார்கள். ஒரு பணக்காரக் குடும்பம் அவளை அங்கிருந்து கொத்திக்கொண்டு போன பிறகு அக்கா ஆகிவிட்டாள். அந்தக் குடும்பம் தன் தொழிலை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, வந்த பணத்தை வங்கியிடம் கொடுத்துக் கைகட்டி நிற்பானேன் என்று, அதைத் தானே முதலீடு செய்யப் பங்களா மாடியிலேயே ஒரு ஆபீஸ் திறந்தது. ஃபேமிலி ஆபீஸ் என்று பெயர். பசையுள்ள குடும்பம் ஒவ்வொன்றும் இப்போது இப்படி ஒன்று வைத்திருக்கிறது. கம்பெனியை விற்க வேண்டுமா, கடன் வேண்டுமா, இந்த மாடிப்படிகளில்தான் கூட்டம். வங்கியென்றால் பத்துப் பேரைக் கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். இங்கே அப்பாவும் மகனும் சாப்பாட்டு மேசையில் தலையாட்டினால் முடிந்தது.

அந்த மேசையோரம் அக்காவுக்கும் ஒரு நாற்காலி உண்டு. முடிவானதை எழுதிக்கொள்வாள். பங்கு, கட்டடம் எல்லாம் போக, வீட்டு நாய்க்கு ஊசி போடுவது வரை அவள் பொறுப்பு. நீங்கள் எங்கள் வீட்டு ஆள் என்பார் மகன், சின்னவர். அவள் நம்பினாள். கணவனை இழந்தவள், மகளின் கல்லூரிக் கட்டணத்தை ஆபீஸே கட்டும்போது நம்பாமல் என்ன செய்வாள்? ஒரே ஒரு நிபந்தனை. மேசையில் பேசியது படியிறங்கக் கூடாது.

ஒரு மதியம் பாட்டில் ஆலை ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. நொடித்துப்போன ஆலை, அடிமாட்டு விலை. பாட்டிலில் என்ன லாபம் என்று கேட்டார் பெரியவர். பாட்டில் யாருக்கு வேண்டும், அந்த நிலம்தான் சரக்கு, கையிலிருக்கும் ஆர்டர்களை முடித்துவிட்டு மழைக்காலம் போனதும் மூடிவிடலாம் என்றார் சின்னவர். அதுவரை ஆட்கள் கலையக் கூடாது. காதும் காதும் வைத்தாற்போல் நடக்க வேண்டும்.

அந்த ஆலையில்தான் அக்காவின் தம்பி மெக்கானிக். சொல்ல வாயெடுத்தாள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து எழுதி முடித்தாள்.

ஆலை அக்காவின் ஆபீஸ் கைக்கு மாறிய செய்தி பரவியதும் தம்பி வந்தான். முகத்தில் அத்தனை குஷி. பக்கத்து ஊர் ஆலை ஒன்று அவனையும் கூட வேலை செய்பவர்களையும் கூப்பிட்டிருந்தது, சம்பளம் கொஞ்சம் கம்மி. போகலாமா, இருக்கலாமா என்று கேட்டான்.

"ஆபீஸ் விஷயத்த நான் வெளிய பேசக் கூடாதுடா."

"தெரியும்க்கா. நான் ஒண்ணும் கேக்கல" என்று சிரித்தான்.

இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான். வாசல் வரை கூடப் போனவள் பத்திரமாகப் போ என்று மட்டும் சொன்னாள். கெட்டிக்காரன், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பயத்துக்கு மனிதர்கள் என்னென்ன சமாதானம் கண்டுபிடிக்கிறார்கள்!

மழை விட்டது. ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்து எல்லாரையும் கைகழுவினார்கள். அன்று மேசையில் சின்னவர் அக்காவை வாயாரப் பாராட்டினார். அவள் தம்பி அங்கே இருப்பது முதலிலேயே தெரியுமாம். வேறு ஆளாக இருந்தால் உளறியிருப்பார்களாம்.

சாயங்காலம் தம்பி வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சட்டைக் காலர் கிழிந்திருந்தது. பக்கத்து ஊர் ஆலையில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். காலரைப் பிடித்தது யார் என்று கேட்டாள்.

"கூட வேல பாத்தவங்கதான். அவங்க அப்பவே கெளம்பினாங்கக்கா. நான்தான் புடிச்சு நிறுத்தினேன். மூடுறதா இருந்தா எங்கக்கா எங்கிட்ட சொல்லாம இருப்பாளான்னு கேட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் போகல."

அவள் அழுதாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இனி அந்த மாடியில் கால் வைப்பதில்லை என்று அக்கா முடிவு செய்தாள். காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். கூச்சத்தோடு இழுத்து இழுத்துப் பேசினாள். அவருக்கு வேலை கிடைக்கும் வரை வீட்டு வாடகையை மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா அண்ணி என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அக்கா. இரண்டு வீட்டுக்கும் இப்போது அந்த ஒரு சம்பளம்தான். எழுந்து குளித்துவிட்டு ஆபீஸுக்குப் புறப்பட்டாள்.