அளவு எடுக்காமல் கட்டிய மிதி

ஏழெட்டு வருடம் இருக்கும். தை மாதக் கடைசியில், ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பெரிய மாநாடு நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் கருவிகளைப் பற்றிய மாநாடு. பல நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த நானும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். அதைச் சொன்னால் என் மனைவி இப்போதும் சிரிக்கிறாள்.

நான் காஞ்சிபுரத்தில் தறிகளுக்கு மர வேலை செய்கிறவன். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா பட்டுப் புடவை நெய்கிறார். வாலாஜாபாத் ரோட்டில் நடந்த விபத்தில் அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. குழித்தறியில் நெய்ய இரண்டு காலும் வேண்டும். குழிக்குள் இருக்கும் இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி அமுக்கினால்தான் பாவு நூல்கள் மேலும் கீழுமாகத் திறக்கும். "இனிமே மத்தவங்களுக்கு நூல் சுத்திக் குடுத்துக்கினு உட்கார வேண்டியதுதான்" என்று அவர் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. வலது மிதியில் கயிறு கட்டி, மேலே ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தேன். பிடியை இழுத்தால் மிதி இறங்கும்.

புடவை வாங்க வந்த ஒரு பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, மாநாட்டில் அதே மாதிரி ஒரு தறி வைக்கச் சொன்னார். டைல்ஸ் போட்ட ஹாலில் "குழி எங்கம்மா வெட்டறது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கடைசியில் பலகையால் இடுப்பளவு மேடை கட்டி, அதற்குள் குழி விட்டேன். சக்கர நாற்காலி ஏற ஒரு பக்கம் சரிவாகப் பலகை போட்டோம்.

அந்த ஹாலை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. கண் தெரியாத ஒருவர் பாவின் மேல் விரலை ஓட்டி, அறுந்திருந்த இழையை எனக்கு முன்னால் கண்டுபிடித்துக் காட்டினார். காது கேளாத நான்கு பேர், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையாலேயே கிண்டலடித்துச் சிரித்தார்கள். நெய்து காட்ட வந்திருந்த அக்கா மட்டும் முதல் நாள் முழுக்கக் கால் தெரியாமல் புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை, சக்கர நாற்காலியில் ஒரு வெளிநாட்டு அம்மா சரிவில் ஏறி வந்தார். நரைத்த தலை. நான் விளக்கியதைப் பேராசிரியை மொழிபெயர்க்கக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம், "உங்களுக்கு இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் அக்கா.

அந்த அம்மா நகரவில்லை. ஏதோ சொன்னார். பேராசிரியை சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார்: "எனக்குக் குடுத்த முதல் நாற்காலியையும் பத்து வருஷம் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னேன். முதுகு மட்டும் வேற சொல்லிச்சு."

அக்கா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கோச்சுக்காத தம்பி. ஒரு முழம் நெய்யறதுக்குள்ள தோள் கழண்டு கையில வந்துடுது. இந்தப் புடவையோட தறியை விட்டுடலாம்னு இருந்தேன்."

பேராசிரியை அதை மொழிபெயர்த்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, இவருக்கு அளவு எடுத்தீர்களா என்று கேட்டார்.

எடுக்கவில்லை. எங்கள் தொழிலில், நெய்கிறவரைக் குழியில் உட்கார வைத்து, கால் எட்டுகிறதா, கை எட்டுகிறதா என்று பார்த்துத்தான் மிதி கட்டுவோம். பெண்பிள்ளையிடம், அதுவும் கால் போனவரிடம், உட்காருங்கள், காட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, நானே குழியில் இறங்கி, என் கை நீளத்துக்குக் கட்டிவிட்டு வந்திருந்தேன். அக்காவோ என் தோளுயரம்கூட இருக்கமாட்டார். இதை அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"எனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்குது" என்றார் அக்கா. "மிதியை மேல தூக்கிக் கட்டி ஒரு மெத்தை வெச்சியானா, கால்லயே அமுக்கிடுவேன். அப்பவே தோணிச்சு. உன்கிட்ட எப்படிக் காட்டிச் சொல்றது?"

ஒரு நிமிடம் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். செயற்கைக் கையால் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒருவர், ஊன்றுகோலோடு இரண்டு பெண்கள், நாற்காலியில் அந்த அம்மா. அக்கா புடவையை முழங்கால் வரை ஏற்றினார்.

"இவ்ளோதாம்பா. அளவெடு."

எட்ட நின்றே டேப்பை நீட்டினேன். "ஏம்பா, புலிக்கா அளவெடுக்கற? கடிக்காது" என்றார். பேராசிரியை அதையும் மொழிபெயர்த்துவிட, ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரத்திலும் வேலையை விடவில்லை. பேராசிரியை தட்டில் சாம்பார் சாதம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கணினி வந்த பெட்டியிலிருந்த ஸ்பாஞ்சை வெட்டி, துணி சுற்றி, உயர்த்திய மிதியின் மேல் கட்டினேன். மூன்று தடவை அக்கா "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார். நான்காவது தடவை நெய்ய ஆரம்பித்துவிட்டார். கையை உயர்த்தாமல், தோளை அசைக்காமல், விபத்துக்கு முன்னால் நெய்த அதே வேகத்தில். சாயங்காலம் விளக்கை அணைக்க வந்த ஆள் கேட்டும் இறங்க மறுத்தார்.

அக்கா இன்றைக்கும் நெய்கிறார். அந்த மெத்தையை இதுவரை மூன்று முறை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அளவெடுத்துத்தான். அந்தக் கல்லூரி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், அவருக்கு முந்தி எத்தனை பெண்கள், நான் இப்படிக் கூச்சப்பட்டு அளவெடுக்காமல் கட்டிக்கொடுத்த தறியில் வலியோடு உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இருந்தார்களோ என்று தோன்றும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு காலமும் என் கூச்சத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.