பிரிக்காத பார்சலுக்கு ஐந்து வருஷம்

என் வேலையில், செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டால்தான் சம்பளம். ஹூஸ்டன் பக்கம் வக்கீல்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் நடுவே உட்கார்ந்து தமிழை மொழிபெயர்க்கிறேன். கட்சிக்காரர் "நான் கொண்டு வந்தேன்" என்றால், நானும் இங்கிலீஷில் "நான் கொண்டு வந்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று நழுவக் கூடாது. ஊருக்கு டிக்கெட் போட்ட மறுநாளே "ஒரே ஒரு சின்ன பார்சல்" என்று போன் வரும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுந்தரேசன் அங்கிளே எழுதச் சொன்னார். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

அதிரச டப்பா

அங்கிள் திருச்சியில் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருக்கும் மகள் கவிதாவைப் பார்க்கக் கிளம்பியபோது, சம்பந்தியின் தம்பி ஒரு டப்பாவைக் கொடுத்து, "அதிரசம், அங்கே என் ஃபிரண்டு வந்து வாங்கிப்பான்" என்றார். ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் திறந்தார்கள். மேலே நாலு அதிரசம், கீழே நூற்றுக்கணக்கில் வலி மாத்திரை. இங்கே அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது.

எதிலாவது சந்தேகம் வந்ததா என்று அங்கிளுக்காக வாதாடும் வக்கீல் அம்மா கேட்டார். "ஆட்டினா கலகலன்னுச்சு. அதிரசம் கலகலங்காதே" என்றார் அங்கிள், மகா நேர்மையாக. வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தால், தெரிந்தே கொண்டு வந்ததாக ஜூரி முடிவு கட்டலாமாம். பின்னே ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு அங்கிள் சொன்னது:

"சம்பந்தி வீட்டுப் பார்சலைப் பிரிச்சுப் பாக்குறதா? நல்லா இருக்கே!"

இரண்டாவது குற்றம்

கடத்தி வந்தது ஒன்று, கூட்டுச் சதி இன்னொன்று. சதிக்கு ரகசியக் கூட்டமெல்லாம் வேண்டாம். இன்னொருவரோடு தெரிந்தே ஒத்துக்கொண்டாலே போதும் என்று வக்கீல் விளக்கினார். அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அங்கிள் முகம் சுண்டிவிட்டது.

"நான் 'சரி, குடுங்க'ன்னு மட்டும்தாம்மா சொன்னேன்."

தண்டனைக் கணக்கு

ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் வரை போகலாம். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. ஒழுங்காக இருந்தால் வருஷத்துக்கு ஐம்பத்துச் சொச்சம் நாள் கழிப்பார்கள், அவ்வளவுதான். அங்கிள் யோசித்து ஒரு கேள்வி கேட்டார். என் வேலை, அதை அப்படியே மொழிபெயர்ப்பது. செய்தேன். வக்கீல் அம்மா எந்தத் தலைவர் என்று திருப்பிக் கேட்டார்.

"தலைவர் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் பேரை விடுவாங்களே, அது இங்க உண்டான்னு கேளும்மா."

கணுக்கால்

ஜாமீனில் விட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எங்கே போகிறார் என்று காட்டும் கருவியைக் காலில் பூட்டினார்கள். வீடு, கோர்ட், கோயில் மட்டும் அனுமதி. பேன்ட் போட்டால் மறைந்துவிடும். அவர் வேட்டியைத் தவிர வேறு எதையும் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதில்லை. வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

"இந்தப் பட்டை தோலா, ரப்பரா? தோல்னா உள்ள போகக் கூடாதும்மா."

அந்த ஒரு பேர்

கொடுத்தது யார் என்று முழுசாகச் சொன்னால் கடத்தல், சதி இரண்டையும் கைவிட யோசிப்பதாக அரசுத் தரப்பு சொன்னது. அங்கிள் மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு வாரம் இழுத்தார். "பேரைச் சொன்னா எம் பொண்ணு அந்த வீட்டுல எப்படி வாழ்வா?" என்பது ஒன்றுதான் பேச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு, மனுஷனை உலுக்கியிருப்பேன். சொந்தமாக ஒரு வார்த்தை பேச எனக்கு அனுமதி இல்லை. கடைசியில் கவிதா வக்கீல் ஆபீஸுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கேட்டதை இங்கிலீஷில் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. தொழிலில் அது தப்பு.

"நீங்க உள்ள இருந்தா மட்டும் நான் நல்லா வாழ்ந்துடுவேனாப்பா?"

கிளம்பும் நாள்

பேரைச் சொன்னார். கடத்தலும் சதியும் போய், வைத்திருந்ததாக ஒரு சின்னக் குற்றம் மட்டும் நின்றது. சிறை இல்லை. ஆனால் இனி விசா கிடைப்பது கஷ்டம். மகளைப் பார்க்க வேண்டுமென்றால் மகள்தான் போக வேண்டும். அதைக் கேட்டு அழுதார்.

கிளம்பும் அன்று, இங்கே மகன் வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி, ஊரில் கொடுக்கச் சொல்லி ஒரு விட்டமின் டப்பாவை நீட்டினாராம். அங்கிள் அங்கேயே மூடியைத் திறந்து, மாத்திரைகளைத் தட்டில் கொட்டிப் பார்த்தாராம். சம்பந்தி முகம் சிவக்க, "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். கவிதா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்த பதில் இது:

"உங்க மேல இருக்கு சம்பந்தி. டப்பா மேலதான் இல்ல."

செய்யாத குற்றங்களை இத்தனை வருஷமாக ஒத்துக்கொண்டு வருகிறேன், ஆனால் போன தடவை சென்னையிலிருந்து நான் பிரிக்காமல் கொண்டு வந்து கொடுத்த பார்சலில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.